16 வயதில் மாடலிங்: ஏஜென்சியா, கோ-ஆர்டினேட்டரா, இன்ஸ்டாவா?

பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு அக்கா மகள் வந்து "சித்தி, எனக்கு மாடலிங் பண்ணணும்" என்றாள். சென்னையில் இருந்துகொண்டு அதற்கு என்ன வழி என்று நாங்கள் மூன்று பேரும் அலைந்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது பயிற்சி நிலையம். ரேம்ப் வாக், போஸ், போர்ட்ஃபோலியோ (வாய்ப்புக் கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் கட்டினோம், அது எங்கள் தப்பு. கனமான மேக்கப் போட்டு, 25 வயதுப் பெண் மாதிரி காட்டி நாற்பது படம் எடுத்துத் தந்தார்கள். அதைப் பார்த்த, மாடல்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஒரு ஏஜென்சிக்காரர், பிள்ளை முகமே இதில் தெரியவில்லை, சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்க வைத்து, மேக்கப் இல்லாமல் நேராக, பக்கவாட்டில், முழு உயரம் என்று போனிலேயே எடுத்து அனுப்புங்கள் என்றார்.

ஏஜென்சி நல்ல வழிதான். ஒழுங்கான ஏஜென்சி முன்பணம் கேட்காது, வேலை வந்தால் அதில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரியவை மும்பை, டெல்லியில் இருக்கின்றன. ரேம்ப்புக்குப் பெண்ணென்றால் 5 அடி 8 அங்குலத்தை ஒட்டி எதிர்பார்ப்பார்கள், இவள் 5 அடி 3. பிரிட்டிஷ் சூப்பர்மாடல் கேட் மாஸை 1988-ல் 14 வயதில் நியூயார்க் விமான நிலையத்தில் கண்டுபிடித்த கதையை நம்பி அவசரப்பட வேண்டாம், காலம் மாறிவிட்டது. எல்விஎம்ஹெச், கெரிங் என்ற பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் 2017-லேயே பெரியவர்களுக்கான உடைகளுக்கு 16 வயதுக்குக் கீழ் மாடல்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தன, கெரிங் பிறகு அதை 18 ஆக்கியது. இரண்டு வருடம் பொறுத்தால் எதுவும் கைவிட்டுப் போகாது.

அழகிப் போட்டியும் யோசித்தோம். த்ரிஷா 1999-ல் மிஸ் சென்னை ஆனபோது அவருக்கு 16 வயதுதான், ஆனால் மிஸ் இந்தியாவுக்கு 18 ஆக வேண்டும்.

இன்ஸ்டாவுக்குச் செலவில்லை. ஆனால் 2024-ல் வந்த டீன் அக்கவுண்ட் முறையில் 18-க்குக் கீழ் உள்ளவர்கள் புதிதாகத் தொடங்கும் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், அதைத் திறந்துவிட்டால் கொலாப், அதாவது சேர்ந்து விளம்பரம் பண்ணலாம் என்று யார் யாரோ மெசேஜ் அனுப்புவார்கள். கணக்கு அம்மா கையில் இருக்குமென்றால் சரி, இல்லையென்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எனக்குப் பிடித்தது கோ-ஆர்டினேட்டர் வழி, அதாவது உள்ளூர் விளம்பரங்களுக்கு மாடல்களைப் பிடித்துத் தரும் தனி ஆள் மூலம் போவது. துணிக்கடை, நகைக்கடை, பள்ளிச் சீருடை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி விளம்பரம் என்று உள்ளூரிலேயே வேலை இருக்கிறது, உயரம் பார்ப்பதில்லை, அரை நாளில் முடியும், அம்மா பக்கத்திலேயே உட்காரலாம். குறை என்னவென்றால் எல்லாம் வாய்ப்பேச்சு. பணம் தாமதமாக வரும், ஒரு பண்டிகைக்கு எடுத்த படம் மூன்று வருடம் பேனரில் தொங்கும். அதனால் படம் எங்கே, எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். 18 ஆகாத பிள்ளை போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, பெற்றோர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்கு 14 முடியவில்லையென்றால் இன்னும் கறார்: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது அவர்கள் பெயரில் வங்கி டெபாசிட்டில் போட வேண்டும்.

அப்புறம், பெற்றோர் வெளியே நில்லுங்கள் என்று எந்த ஷூட்டிலாவது சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அக்கா ஒரு தடவை அப்படிக் கிளம்பி வந்தாள். அந்தக் கோ-ஆர்டினேட்டர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை, வேறொருவர் கூப்பிட்டார்.