போர்ட்டோவில் '1963' என்று விற்கும் மெழுகு வைத்த பாட்டில்: வாங்காதீர்கள்

போர்த்துகல் போகிறீர்கள், யாருக்காவது பிறந்த வருடத்துப் போர்ட் வைன் (அங்கே செய்யும் இனிப்பு வைன்) பரிசாக வாங்கிவரலாம் என்று இருக்கிறீர்கள் என்றால், கார்டை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போர்ட்டோ ஆற்றங்கரைப் பக்கம், சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்கும் ஒரு கடையில் என் அக்கா மகளிடம் 280 யூரோ வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். '1963 வின்டேஜ்' என்று சொல்லி விற்ற பாட்டிலுக்குள் இருந்தது, சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும் 'ரூபி' என்ற சாதாரண வகைப் போர்ட்.

அத்தான் பிறந்தது 1963. லண்டனில் கோயிலில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, மாலையில் வீட்டில் நெருங்கியவர்கள் மட்டும் கூடினோம். பாதிப் பேர் வைன் பிரியர்கள். 63 என்றால் எங்களுக்கு மேசையில் தனி மரியாதை உண்டு. போன நூற்றாண்டின் மிகச் சிறந்த போர்ட் வருடங்களில் அதுவும் ஒன்று. 1927, 1945 எல்லாம் பேசப்படும் இடத்தில் அதையும் பேசுவார்கள். வின்டேஜ் போர்ட் எல்லா வருடமும் வருவதில்லை. போர்ட்டுக்கான திராட்சை விளையும் டோரு பள்ளத்தாக்கில் அறுவடை அபாரமாக அமைந்தால்தான் போர்ட் நிறுவனங்கள் அந்த வருடத்தை 'வின்டேஜ்' என்று அறிவிக்கும். பத்து வருடத்தில் சுமார் மூன்று முறை நடந்தால் அதிகம். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச வயதெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே ஏறும். அதனால்தான் அடியில் கனமாக வண்டல் படியும். ஊற்றுவதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

அப்படித்தான் நிமிர்த்தி வைத்திருந்தோம். மரப்பெட்டி, அதன் மேல் சூடு போட்ட '1963', பாட்டில் கழுத்து முழுக்கச் சிவப்பு மெழுகு. கிண்டலுக்குக் குறைவில்லை. "அத்தானுக்கு முடி கொட்டிவிட்டது, இதற்கு என்ன கொட்டியிருக்கிறது என்று பார்ப்போம்" என்றார் ஒருவர். பழைய கார்க் பொடிந்துவிடும் என்று, பாட்டிலின் கழுத்தையே வெட்டி எடுக்கப் பழுக்கக் காய்ச்சும் இடுக்கியை இன்னொருவர் கடன் வாங்கி வந்திருந்தார்.

இடுக்கிக்கு வேலையே வரவில்லை. மெழுகைத் தட்டி எடுத்ததும் உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தலை வைத்த மூடி. கையாலேயே திருகி இழுக்கிற, ரூபி, டானி போன்ற மற்ற போர்ட் வகைகளுக்குப் போடுகிற மூடி அது. வின்டேஜ் என்றால் உள்ளே முழுதாக அடித்து இறக்கிய நீளமான கார்க் இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரும் வருடமும் பொறித்திருக்கும். டிகேண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினோம், ஒரு துளி வண்டல் இல்லை. அறுபது வருடம் ஆன வின்டேஜ் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். இது பளபளவென்று கருஞ்சிவப்பு. "அத்தான், உங்களோடு பிறந்தது இன்னும் பள்ளிக்கூடம் போகிறது" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மகள் சிரிக்கவில்லை. "மாமா, அந்தப் பின்பக்க ஸ்டிக்கரைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள்" என்றாள். கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் அது. அடியில் அசல் லேபிள், அதில் சின்ன எழுத்தில் 'ரூபி'. வருடம் எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து சேமித்த பணத்தில் அப்பாவுக்கென்று வாங்கியது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். '1963' என்பது பரிசுப் பெட்டியின் அலங்காரம்தான், வைனின் வருடம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே என்று பதில் வந்தது. பில்லைப் பார்த்தால் நிஜமாகவே 'போர்ட் வைன், பரிசுப் பெட்டி' என்று மட்டும்தான் இருக்கிறது. 1963 என்று வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பலமுறை. திட்டம் போட்டுச் செய்த மோசடி இது. ஸ்டிக்கரை ஒட்டியவர்களுக்கும் மெழுகில் தோய்த்தவர்களுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

உண்மையான பழைய பாட்டில்களிலும் மெழுகு உண்டு. ஏமாற்று எடுபடுவது அதனால்தான். ஆகவே மெழுகைப் பார்த்து நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். எந்த நிறுவனத்தின் வைன் என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயர், வருடம், 'வின்டேஜ்' என்ற சொல் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். லேபிளில் தெரிகிற வருடம் நிறுவனம் தொடங்கிய வருடமாகவும் இருக்கலாம், அதைக் காட்டியே விற்கிறவர்கள் உண்டு. போர்த்துகலில் அடைத்த போர்ட் பாட்டிலின் கழுத்தில், டோரு, போர்ட் வைன்களுக்கான அரசு நிறுவனத்தின் எண்ணிட்ட காகித முத்திரை இருக்க வேண்டும். எங்கள் பாட்டிலில் அதைக் கிழித்துவிட்டு மெழுகு பூசியிருந்தார்கள்.

அப்புறம், 63 போன்ற வருடங்கள் வேண்டுமென்றால் இங்கிலாந்திலேயே தேடலாம். அந்தக் காலத்தில் போர்ட்டைப் பீப்பாயாகவே கப்பலில் இங்கே அனுப்பினார்கள், இங்கிருந்த வணிகர்கள் பாட்டிலில் அடைத்தார்கள். வின்டேஜ் போர்ட்டைப் போர்த்துகலிலேயே அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் 1970களில்தான் வந்தது. அதனால் பழைய பாட்டில்கள் லண்டன் ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. இங்கே அடைத்த பாட்டிலில் போர்த்துகல் முத்திரையைத் தேடாதீர்கள். அடைத்த வணிகரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட்டோவிலேயே வாங்க ஆசை என்றால், ஆற்றைக் கடந்து காயாவில் நிறுவனங்களின் சொந்தக் கிடங்குகளுக்கே போய் 'கொல்யெய்ட்டா' கேளுங்கள். ஒரே வருடத்து அறுவடை, குறைந்தது ஏழு வருடம் பீப்பாயில் இருந்தது. அறுவடை வருடம், பாட்டிலில் அடைத்த வருடம் இரண்டும் லேபிளில் இருக்கும். பிறந்த வருடப் பரிசுக்கு அருமையான வைன்.

ஏமாந்தது அங்கே இருக்கும்போதே தெரிந்தால், கடையில் புகார்ப் புத்தகம் கேளுங்கள். போர்த்துகலில் எல்லாக் கடைகளும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர மறுக்கக்கூடாது. மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம். ஊர் திரும்பிவிட்டவர்கள் இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம், கார்டு கொடுத்த வங்கியிடமும் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறோம். இன்னும் முடிவு தெரியவில்லை. இதே மாதிரிப் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், மெழுகை உடைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வங்கி எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.