கொலோனிலிருந்து மைன்ஸுக்கு: நதியோரப் பாதையா, அதிவேகப் பாதையா?

கொலோன், மைன்ஸ் இரண்டும் ரோமானியர் காலத்து நகரங்கள். இரண்டும் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ளவை. இடையே செல்ல இரண்டு ரயில் பாதைகள் உண்டு.

முதலாவது, பிராங்க்பர்ட் விமான நிலையம் வழியாகச் செல்லும் அதிவேகப் பாதை. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், குன்றுகளைக் குடைந்த சுரங்கங்கள், கூடவே ஓடும் நெடுஞ்சாலை. நேரம் மிச்சம்தான். பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை.

இரண்டாவது, ரைனின் இடது கரையை ஒட்டிய பழைய பாதை. இன்டர்சிட்டி ரயிலில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். எல்லா ஊரிலும் நிற்கும் வட்டார ரயிலில் இன்னும் கூடுதலாகும். மைன்ஸ் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், நதி அந்தப் பக்கம்தான். பான் நகரம் வரை பொறுமை வேண்டும். உண்மையான காட்சி கோப்லென்ஸ் தாண்டித்தான் தொடங்குகிறது: செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், மேட்டுக்கு மேடு ஒரு கோட்டை. சாங்க்ட் கோவார் வந்ததும் கேமராவைத் தயாராக வைத்திருங்கள். எதிர்க்கரையில், படகோட்டிகளை மயக்கிய கன்னியின் கதைக்குப் பேர்போன லோரெலைப் பாறை தெரிந்த கையோடு ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்துவிடும். அடுத்து, கவுப் ஊருக்கு நேரே ஆற்றின் நடுவில் கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்கக் கட்டிய கோட்டை நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததும், அதை ஒதுக்கிச் செல்லும் அதிவேகப் பாதை திறந்ததும் ஒரே ஆண்டு, 2002.

விமானத்தைப் பிடிக்கும் அவசரம் இருந்தால் மட்டும் முதல் பாதை. மற்றபடி பழைய பாதைக்கே என் ஓட்டு. ஜெர்மனியின் மாதாந்திர வட்டாரப் பயணச்சீட்டு கையிலிருந்தால் வட்டார ரயிலுக்குத் தனி டிக்கெட்டும் வேண்டாம், வழியிலுள்ள பாஹராஹ் ஊரில் இறங்கி ஏறவும் செய்யலாம்.