சிங்கக்குட்டியா, மீர்கேட்டா?

விலங்கியல் படித்துவிட்டுக் கள அனுபவம் தேடித் தென்னாப்பிரிக்கா செல்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பணம் கட்டிச் சிங்கக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பது. புகைப்படம் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் கையில் வளர்ந்த குட்டி காட்டில் பிழைக்காது. பெரிதானபின் வேலிக்குள் நடக்கும் வேட்டைக்கு விற்கப்பட்டவையும் உண்டு.

மற்றது, கலஹாரிப் பாலைவனத்தில் 1993 முதல் நடந்துவரும் மீர்கேட் ஆய்வு. மீர்கேட் என்பது வளையில் கூட்டமாக வாழும், கீரி இனத்துச் சிறு விலங்கு. விடியலில் வளையின் வாயிலில் காத்திருந்து, வெளியே வரும் ஒவ்வொன்றையும் அவித்த முட்டைத் துணுக்கைக் காட்டித் தராசில் ஏற்ற வேண்டும். ரோமத்தில் இட்ட சாயக்குறிதான் அடையாளம். மாதக்கணக்கில் இதே வேலை, சலிக்கும். வெயில் வேறு. ஆனாலும் எடை, நடத்தை, உறவுமுறை என முறையாகக் குறிப்பெடுக்கும் பழக்கம் இங்கேதான் கைவரும். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவப்போவதும் அதுதான்.