கோரிப்பாளையம் மெஸ்ஸும் சத்திரக்காரன் கணக்கும்

மதுரை கோரிப்பாளையத்தில், அரசு ராஜாஜி மருத்துவமனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத சிறிய மெஸ் ஒன்று உள்ளது. விபத்தில் தொடையெலும்பு முறிந்த என் தம்பிக்குத் துணையாக 19 நாள் வார்டில் தங்கியிருந்தபோது, மூன்று வேளையும் அங்கேதான் உண்டேன். வயது அறுபதைக் கடந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியர் அதை நடத்துகின்றனர். கணவரை எல்லோரும் அண்ணாச்சி என்றும், மனைவியை அக்கா என்றும் அழைக்கின்றனர்.

காலையில் இட்லியும் பொங்கலும், மதியம் சாப்பாடு, இரவில் இட்லியும் கோதுமை தோசையும் கிடைக்கும். இட்லி மென்மையாக இருக்கும். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை சற்று அதிகம். ஆனால் இந்தக் கடைக்கு மதிப்புத் தருவது நோயாளிகளுக்கான சமையல்தான். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துச் சீரகம் தட்டிப்போட்ட கஞ்சியை விடியற்காலை ஐந்து மணிக்கே அக்கா இறக்கிவிடுகிறார். பார்சல் கேட்டு வருபவரிடம், நோயாளிக்கு மருத்துவர் எதை விலக்கச் சொன்னார் என்று முதலில் விசாரிக்கிறார். சிறுநீரக வார்டுக்குப் போகும் ரசம் உப்பில்லாமல் தனிப் பாத்திரத்தில் கொதிக்கிறது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குவதில்லை. அங்கே உண்ணாதவருக்கும் அப்படியே.

சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி என்று பல மாவட்டங்களிலிருந்து அந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள் இரண்டு வாரம் தங்க நேர்கையில், நோயாளிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பட்டினி கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அண்ணாச்சியிடம் இதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. அதில் யாருடைய பெயரும் இல்லை. வார்டு எண், கட்டில் எண், தொகை ஆகிய மூன்று மட்டுமே உள்ளன. பணம் இல்லாதவர் கட்டில் எண்ணைச் சொன்னால் போதும், காசு கொடுத்தவருக்கு வைக்கும் அதே இலையில் அதே அளவு உணவு வந்துவிடும். எதிரில் உண்பவருக்கு யார் கடனில் உண்கிறார் என்பது தெரியாது. ஊருக்குப் போகும்போது கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள். முடியாதவர்களின் வரிமேல் ஒரு கோடு இழுக்கப்படுகிறது.

பைபிளில் லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், கள்ளர்களால் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைத் தூக்கிச் சென்று சத்திரத்தில் சேர்க்கும் நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்திரக்காரனைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. சமாரியன் அவனிடம் பணம் எனப்படும் வெள்ளிக் காசு இரண்டைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் புறப்பட்டுவிடுகிறான். ஒரு பணம் கூலியாள் ஒருவனின் ஒரு நாள் கூலி என்பதை மத்தேயு 20ஆம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறியலாம். அந்த இரண்டு நாள் கூலியையும், முன்பின் அறியாத ஒருவனின் வாக்கையும் நம்பி, காயம்பட்டவனுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கஞ்சி காய்ச்சியவன் சத்திரக்காரன்தான். அன்பின் பெரும்பகுதி அந்த அன்றாட வேலையில் இருக்கிறது என்பதை, நாற்பது வயதுக்குமேல், இந்த மெஸ்ஸின் பெஞ்சில் அமர்ந்துதான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்க மிஷன் 1834இல் மதுரைக்கு வந்ததையும், அதன் வழியே எழுந்த கல்லூரிகளையும் பெருமையோடு சொல்லி வளர்ந்த சபை எங்களுடையது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் நான்கு மேசைகளுக்கு நடுவில் நடக்கும் ஊழியத்தை நாங்கள் ஊழியமாக எண்ணியதில்லை. அண்ணாச்சி யாரிடமும் துண்டுப்பிரசுரம் கொடுத்ததையோ, சோற்றுக்கு ஈடாக ஜெபிக்கச் சொன்னதையோ நான் பார்க்கவில்லை. சுவரில் வசன காலண்டர் ஒன்று தொங்குகிறது, அவ்வளவே. நோன்பு மாதத்தில் கேட்பவர்களுக்கு, விடியுமுன் உண்ணும் சஹர் உணவை அதிகாலை மூன்றரைக்கே கட்டிக் கொடுப்பார் என்று, தர்காவுக்கு அருகில் குடியிருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் கூறினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைகழுவும் குழாய் ஒன்றே ஒன்று. ஒரு மணிக்கு அங்கே வரிசை நிற்கிறது. இரவு எட்டரைக்குமேல் சாம்பார் நீர்த்துப்போய்விடுகிறது. ஞாயிறு காலை ஆராதனைக்காக ஏழு முதல் பத்தரை வரை கடையை மூடிவிடுகிறார்கள். அந்நேரத்துக்கான கஞ்சியை முன்னதாகவே ஃபிளாஸ்க்குகளில் ஊற்றிப் பக்கத்துத் தேநீர்க் கடையில் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றாலும், புதிதாக வந்தவருக்கு அது தெரிவதில்லை. கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டலாம். ஞாயிறன்று கஞ்சி வேண்டுவோர் காலை ஏழுக்குள் செல்வது நல்லது.

தம்பியை வீட்டுக்கு அனுப்பிய அன்று என் கணக்கை முடித்துவிட்டு, கொடுக்க இயலாத யாருக்காவது வைத்துக்கொள்ளும்படி ஐந்நூறு ரூபாயை மேசைமேல் வைத்தேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். எந்தக் கட்டில் என்று என் கண்ணில் பட்டுவிடாதபடி இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இரண்டு வரிகளின்மேல் கோடு இழுத்தார்.