டேங்க் துரு: சிட்ரிக், பாஸ்பாரிக், பேட்டரி சார்ஜர், கக்கூஸ் ஆசிட் – எதை எப்போது?

மாட்டுக்கொட்டகையிலோ வீட்டுச் சார்ப்பிலோ இரண்டு மூன்று மழைக்காலம் நின்றுபோன தண்டர்பேர்டு, கரிஸ்மா, பல்சர் 220 போன்ற நெடுந்தூர வண்டிகள் கும்பகோணம், மன்னார்குடி, நாகை வட்டாரத்தில் மலிவாகவே கிடைக்கின்றன. வாங்குகிறவர் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் விசாரிப்பார். எஞ்சின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், கெட்டுப்போவது பெட்ரோல் டேங்க். அதைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அடுத்த வாரமே ஜெட் (உள்ளே பெட்ரோல் வரும் நுண்துளை) அடைக்கும்.

இந்த வண்டிகளின் டேங்க் பெரிது. 2012-ல் வந்த தண்டர்பேர்டுக்கு 20 லிட்டர், கரிஸ்மாவுக்கும் பல்சர் 220-க்கும் 15 லிட்டர். பாதி பெட்ரோலோடு நிறுத்திவிட்டால் மேலே உள்ள இடம் முழுக்கக் காற்று. பகலில் சூடாகி வெளியேறி, இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் இது தினமும் நடக்கும். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் வேறு தண்ணீரை ஈர்க்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அதனால் டேங்கின் மேல்கூரையில் மெல்லிய துருவும், அடிமூலையில் குழி விழுந்த துருவும் ஒரே டேங்கில் இருக்கும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

எந்த முறைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய பெட்ரோலை வடித்து, பெட்ரோல் டேப், மீட்டர் ஃப்ளோட் (பெட்ரோல் அளவு காட்டும் மிதவை), மூடி மூன்றையும் கழற்றுங்கள். டேப்பின் உடம்பு துத்தநாகக் கலவை. அமிலத்தில் ஒரு இரவு கிடந்தால் மேற்பரப்பு அரித்து, பிறகு கசியும். ஃப்ளோட் துளைக்கும் டேப் துளைக்கும் தனித்தனியே தகரத் துண்டு வெட்டி, இடையில் பழைய சைக்கிள் டியூப்பை வைத்து முறுக்குங்கள். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் ஒட்டாது. பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கும் டேங்கில், கீழே சொல்லும் மின்சார முறைக்குச் சார்ஜர் மாட்டினால் வெடிக்கும். கழுவிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்: விரலில் பொடியாக ஒட்டுகிறதா, பக்கு பக்காக உரிகிறதா, குழி தெரிகிறதா. முறையைத் தீர்மானிப்பது இந்தப் பார்வைதான்.

சிட்ரிக் அமிலமும் வினிகரும்

பொடித்துருவுக்கும் நடுத்தரத் துருவுக்கும் எங்கள் தேர்வு சிட்ரிக் அமிலம். நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். 15 லிட்டர் டேங்குக்கு ஒரு கிலோ, 20 லிட்டருக்கு 1.4 கிலோ. பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விட்டுக் கரைத்து, டேங்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். மேல்கூரையிலும் துரு இருப்பதால் பாதி நிரப்பிக் குலுக்குவது போதாது. வெயிலில் வைத்தால் வேலை வேகமாகும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, இரும்பு சாம்பல் நிறமானதும் கொட்டிவிட வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு படலம் படிந்து, அதைத் தேய்த்து எடுப்பது தனி வேலையாகிவிடும்.

வினிகரும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக. மளிகைக் கடை வினிகரில் அமிலம் நான்கு ஐந்து சதவீதம்தான். 15 லிட்டர் வாங்கினால் செலவு சிட்ரிக்கைத் தாண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும், வீடு முழுக்க நெடி. வேகம் கூட்ட உப்புப் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், உப்பிலுள்ள குளோரைடு தகட்டின் குழிகளில் தங்கி, மறுபடியும் துருவைக் கூட்டிவரும். புளிக்கரைசலும் துருவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அதன் நார் டேப் சல்லடையில் போய் உட்காரும். வினிகரைச் சின்ன பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்: ஸ்டாண்டு ஸ்பிரிங், போல்ட், சைலன்சர் கிளாம்ப்.

பாஸ்பாரிக்

கெமிக்கல் கடையில் அடர் பாஸ்பாரிக் அமிலம் பெரும்பாலும் 85 சதவீதத்தில் வரும். ஐந்து பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்று கலக்கலாம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் சூடாகித் தெறிக்கலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் துரு கழன்றுவிடும்.

சிட்ரிக்கிடம் இல்லாத ஒரு நன்மை இதற்கு உண்டு. கழுவிய பிறகும் இரும்பின் மேல் சாம்பல் நிறப் பாஸ்பேட் படலம் ஒட்டி நிற்கும். பெயின்டுக் கடை, சீட் கடை என்று வேலை இழுத்து, பெட்ரோல் ஊற்ற ஒரு மாதம் ஆகும் என்றால் சிட்ரிக்கைவிட இதுதான் நல்லது. ஆனால் வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும் டேங்குக்கு இது ஆபத்து. வாயோரம் வழிந்த ஒரு சொட்டைத் துடைக்காமல் விட்டால் பளபளப்பு போய்த் தடம் விழும். மூடியைச் சுற்றி கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பேட்டரி சார்ஜர்

பக்கு பக்காகத் துரு உரியும் டேங்குக்கு அமிலம் வீண்செலவு. பக்கின் மேல்தோலைக் கரைப்பதற்குள் பக்கத்தில் உள்ள நல்ல தகட்டையும் அது தின்னத் தொடங்கும். மின்சாரம் வைத்துத் துரு நீக்குவது நல்ல இரும்பைத் தொடாது, இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினாலும் நஷ்டமில்லை. இதில் தவறு நடக்கும் இடங்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

15 லிட்டர் தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் சலவை சோடா. சமையல் உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். கட்டடம் கட்டும் 8 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை மூடித் துளை வழியாக இறக்குங்கள். கம்பியின் அடிநுனியில் பழைய பெட்ரோல் டியூப்பை ஒரு சாண் மாட்டி, துளையில் மரக்கட்டை வைத்து, கம்பி டேங்கை எங்கேயும் தொடாதபடி நிறுத்த வேண்டும். தொட்டால் ஷார்ட். எவர்சில்வர் கரண்டிக் காம்பு பளபளப்பாகவே இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சாகும், அந்தத் தண்ணீரை எங்கே கொட்டினாலும் கேடு.

12 வோல்ட் சார்ஜரின் சிவப்புக் கிளிப் உள்ளே இறக்கிய கம்பிக்கு, கறுப்புக் கிளிப் டேங்குக்கு. மாறினால் கரைவது டேங்க்தான், ஒரே இரவில் ஓட்டை விழலாம். ஆகவே சுவிட்ச் போடும் முன் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போடுங்கள். புது மாதிரி தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் மின்சாரமே விடாது. அப்படியானால் சார்ஜரை ஒரு பேட்டரியில் மாட்டி, பேட்டரியிலிருந்து கம்பிக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகக் கோத்துவிடுங்கள். ஏறக்குறைய ஐந்து ஆம்பியருக்கு மேல் பாயாது. ஷார்ட் ஆனால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும்.

ஓடத் தொடங்கியதும் நுரை பொங்கும். அதில் இருப்பது ஹைட்ரஜன். மூடிய அறையில் செய்யக்கூடாது, பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது, கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பியை வெளியே எடுத்தால் செம்மண் குழம்பு பூசியதுபோல் இருக்கும். சுரண்டிவிட்டுத் திரும்ப இறக்குங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: கம்பி நேராகப் பார்க்கும் பக்கம்தான் சுத்தமாகும். வண்டியின் முதுகுச் சட்டத்தின் மேல் டேங்க் குதிரைச் சேணம்போல் உட்கார்ந்திருப்பதால் நடுவில் மேடும், இருபுறமும் தொங்கும் பைகளும் இருக்கின்றன. நேர்க்கம்பி வைத்தால் அந்தப் பைகளின் அடி அப்படியே கிடக்கும். துரு அதிகம் இருப்பதும் அங்கேதான். கம்பியை வளைத்து இடப்பக்கம் 12 மணி நேரம், வலப்பக்கம் 12 மணி நேரம் விட வேண்டும். முடிந்ததும் உள்ளே கறுப்பாக ஒரு மென்படலம் இருக்கும், தண்ணீர் பீய்ச்சினால் போய்விடும்.

பக்கு மிகத் தடிப்பாக இருந்தால், சார்ஜர் மாட்டும் முன் அரைக்கிலோ 6 மில்லிமீட்டர் நட்டும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். டேங்கைச் சாக்கில் சுற்றி வைக்கோல் மேல் உருட்டினால் பெயின்ட் தப்பும். போடும்போது எண்ணிப் போட்டு, எடுக்கும்போதும் எண்ணுங்கள். கூழாங்கல்லைவிட நட்டு மேல், ஒன்று உள்ளே சிக்கினாலும் காந்தம் கட்டிய கயிற்றால் எடுத்துவிடலாம்.

கக்கூஸ் ஆசிட்

பட்டறைகளில் பத்து நிமிஷத்தில் வேலை முடிக்கிறார்கள் என்றால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு தீர்ந்ததும் அது நிற்காது, தகட்டைத் தின்று குமிழி விடும். மெலிந்த அடிமூலை ஓட்டையாகும். அதன் புகை கொட்டகையில் இருக்கும் ஸ்பேனர், செயின், ஸ்போக் எல்லாவற்றிலும் இரண்டே நாளில் செந்துரு பூக்க வைக்கும். மிஞ்சும் குளோரைடு கழுவினாலும் முழுதாகப் போகாது. எந்த நிலைமைக்கும் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கழுவும் தண்ணீர்

எந்த முறையாக இருந்தாலும் வெற்றி தோல்வி கடைசி அரை மணியில்தான். அமிலம் விட்ட டேங்கில் 200 கிராம் ஆப்பசோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். பொங்கும், மூடாமல் விடுங்கள். பிறகு மூன்று முறை அலசல். நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி ஓரத்தில் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கடைசி அலசல் செய்தால் நாள் முழுக்க உழைத்தது வீண். கொள்ளிடம் குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர், இவற்றில் ஒன்றால்தான் முடிக்க வேண்டும். கடைசித் தண்ணீர் சூடாக இருந்தால் தகடும் சூடேறிச் சீக்கிரம் உலரும்.

சுத்தமான ஈர இரும்பு கண்ணெதிரே சில நிமிஷத்தில் ஆரஞ்சாகும். ஊதுகுழலோ ஹேர் டிரையரோ தயாராக வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊதி, உடனே 100 மில்லி டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஒரு லிட்டர் பெட்ரோலில் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை இதற்கு ஏற்ற காலம். அடைமழையில் தொடங்காதீர்கள். கழிவுத் தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடக்கூடாது.

ஓட்டை தெரிந்தால்

துரு அடைத்து வைத்திருந்த ஊசித்துளைகள் சுத்தம் செய்ததும் வெளிப்படும். எம்-சீல் சில மாதம் தாங்கலாம், எத்தனால் பெட்ரோலில் நம்ப முடியாது. உள்ளே ஊற்றும் எபாக்ஸி பூச்சு கார்புரேட்டர் வண்டிக்கு ஓரளவு சரி, அதுவும் துரு முற்றிலும் போன தகட்டில் மட்டும். துருவின் மேல் பூசினால் தோலாக உரியும். ஒன்றிரண்டு துளை என்றால் ரேடியேட்டர் கடையில் பித்தளைப் பற்று வைப்பதே உறுதி. டேங்கைத் தண்ணீர் நிரப்பியே கொடுங்கள், பற்று வைக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கட்டும். காலி டேங்கில் ஆவி இருந்தால் வெல்டிங் தீ வெடிக்கும்.

கரிஸ்மா இசட்எம்ஆர், 2007-ன் முதல் பல்சர் 220, 2017-க்குப் பிந்தைய ஹிமாலயன் போன்ற, கார்புரேட்டர் இல்லாமல் பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு அளவுகோல் வேறு. கார்புரேட்டர் வண்டியில் மிச்சத்துருவை பெட்ரோல் டியூப்பில் மாட்டும் ஒரு லைன் ஃபில்டர் பிடித்துவிடும். இவற்றில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால் நுண்பொடி சல்லடையை அடைத்து, பம்ப் சூடாகிச் சாகும். எனவே பூச்சு எதுவும் வேண்டாம், அடிமூலையில் குழி தெரிந்தால் வேறு டேங்க் தேடுவதே மலிவு. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் டேங்க் கிடைத்தால், புதிய டூப்ளிகேட்டைவிட அதையே எடுங்கள். டூப்ளிகேட்டில் தகடு மெலிது, ஃப்ளோட் துளையும் ரப்பர் தாங்கியும் பொருந்தாமல் இழுத்தடிக்கும்.

மாட்டும் முன் மூடிக்கு அடியில் இருக்கும் மழைநீர் வடிகுழாயில் பிரேக் ஒயரை விட்டு அடைப்பெடுங்கள். அது அடைத்திருந்தால் மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். முதல் மூன்று நிரப்பல் வரை ஃபில்டரை ஒவ்வொரு முறையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வைக்காதீர்கள். எத்தனால் பெட்ரோல் அந்த இடைவெளியில் தண்ணீர் குடித்துவிடும். வடித்துவிட்டு, டூ-டி ஆயில் புரட்டி, மூடி வையுங்கள்.