"மானியத்தை நாங்களே கழிச்சுக்கிறோம்" என்று சோலார் விற்க வருகிறார்களா? மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

அய்யர் பங்களா, ஆனையூர், திருநகர், ஒத்தக்கடை என்று மதுரையின் புறநகர்ப் பகுதிகளில் சோலார் விற்க வீடு வீடாக ஆள் வருகிறார்கள். பேச்சு எல்லாருக்கும் ஒன்றுதான்: "அரசாங்கத் திட்டம் சார், 78,000 ரூபாய் மானியத்தை நாங்களே கழிச்சுக்கிறோம், மிச்சத்தை மட்டும் கொடுங்க. இந்த மாசத்தோட முடியுது."

திட்டம் உண்மைதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் அது. வீட்டு இணைப்புக்கு 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய். பொய் இருப்பது "நாங்களே கழிச்சுக்கிறோம்" என்ற இடத்தில். மானியம் விற்பவருக்கு வருவதே இல்லை. பேனல் மாட்டி, நெட் மீட்டர் (வரும் கரண்டையும் போகும் கரண்டையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர்) வைத்து, மின்வாரியத்தார் வந்து பார்த்து, திட்டத்தின் இணையதளத்தில் ஒப்புதல் ஏறிய பிறகு விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்கு அது நேராக வரும். அதற்கு முன்னால் அதைக் கழித்துத் தருகிறேன் என்பவர், வராத பணத்தை வைத்து விலை பேசுகிறார். அது வராமல் போனால் யார் தலையில் விழும் என்பது எழுதிக் கொடுக்கும் தாளில் இருக்காது.

அய்யர் பங்களா பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். ஓய்வுபெற்ற கணவன் மனைவி. விற்க வந்தவர்கள் 3 கிலோவாட்டுக்கு 1,95,000 என்று சொல்லி, மானியம் போக 1,17,000 பேசி, 80,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று விண்ணப்பத்தையும் அவர்களே போட்டார்கள். மொபைல் எண் என்று கொடுத்தது கடை ஊழியருடையது. பேனல் ஆறு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது. மாட்டிய அன்றே சுவிட்சைப் போட்டுவிட்டு, "ஓடுது பாருங்க" என்று மீதியையும் வாங்கிப் போனார்கள். நெட் மீட்டர் வரவில்லை. அடுத்த ரீடிங்கில் பில் கூடியது. கேட்டதற்கு, "மானியம் நிராகரிச்சிட்டாங்க, அந்த 78,000-ஐ நீங்கதான் தரணும்" என்று பதில். பணம் தர மறுத்ததும் இன்வர்ட்டர், அதாவது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, நின்றுபோனது. அதன் ஆப் கடைக்காரர்கள் கைபேசியில் இருந்ததால், இருந்த இடத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

இதில் ஒவ்வொன்றும் முன்கூட்டியே தடுத்திருக்கக்கூடியது.

முதலில் ஓடிபி. திட்டத்தின் தளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. மாநிலம், மின்வாரியம், சர்வீஸ் நம்பர் (மதுரை மண்டலத்தில் 05 என்று தொடங்கும்), உங்கள் மொபைல் எண், இவ்வளவுதான். எண் யாருடையதோ விண்ணப்பம் அவர் கையில். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பேனல் நம்பர் ஏற்றுவது, எந்த வங்கிக் கணக்கு கொடுப்பது எல்லாமே அந்த ஓடிபியில்தான் போகிறது. உங்களுக்குக் கைபேசி பழக்கமில்லை என்றால் மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ போடட்டும். விற்பவர் போடக் கூடாது.

அதோடு பெயர். நம் ஊரில் பாதி இணைப்பு இன்னும் அப்பா, தாத்தா பெயரில் கிடக்கிறது. இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மானியம் சிக்கும். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மின்வாரியத்தில் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்தது பேனல். பணம் அடிப்பது பெரும்பாலும் இங்கேதான். மானியத்துக்கு டிசிஆர் பேனல், அதாவது உள்நாட்டுத் தயாரிப்பு நிபந்தனைக்கு உட்பட்ட பேனல் வேண்டும். பேனல் மட்டும் இந்தியாவில் செய்ததாக இருந்தால் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே ஒட்டிய பேனலிலும் இந்திய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டிசிஆர் விலை கணிசமாகக் கூடுதல் என்பதால், கொட்டேஷனில் டிசிஆர் என்று எழுதிவிட்டு மற்றதை இறக்குகிறார்கள். மாட்டிவிட்டால் பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்க மாடியில் படுத்துத்தான் எழ வேண்டும். ஆகவே வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனலின் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். சீரியல் நம்பர் முன்பக்கக் கண்ணாடிக்குள்ளும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பேனல் கம்பெனி தரும் டிசிஆர் சான்றிதழில் அதே நம்பர்கள் இருக்க வேண்டும். சான்றிதழ் "அப்புறம் வரும்" என்றால் பேனல் மாடிக்கு ஏற வேண்டாம்.

எண்ணிக்கையையும் எண்ணுங்கள். 540 வாட் பேனல் ஆறு என்றால் 3,240 வாட், ஐந்து என்றால் 2,700 வாட்தான். மானியக் கணக்கு பேனலின் மொத்த வாட், இன்வர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 3 கிலோவாட் பேனலுக்கு 2 கிலோவாட் இன்வர்ட்டரை மாட்டினால் உங்களுக்கு 60,000 ரூபாய்தான் வரும்.

பில் ஏன் கூடியது என்பது பலருக்குப் புரிவதில்லை. பழைய மீட்டர்களில் பல, கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போகும். பகலில் நீங்கள் செலவழிக்காத சோலார் கரண்ட் லைனுக்குப் போகும்போது, அதையும் நீங்கள் வாங்கிய கரண்டாக எழுதிவிடும். இரு திசையும் தனித்தனியாகக் காட்டும் நெட் மீட்டர் வந்து, மின்வாரியத்தார் சீல் வைக்கும்வரை இன்வர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் பக்கத்து (ஏசி பக்க) எம்சிபி சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கட்டும். "சும்மா டெஸ்ட்டுக்கு ஓடட்டும்" என்பதை ஏற்காதீர்கள்.

நெட் மீட்டர் தாமதத்துக்கு எப்போதும் மின்வாரியத்தின் மேல் பழி போடுவார்கள். 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஒப்புதல் தந்ததாகக் கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை லைனைப் பலப்படுத்தும் செலவும் வாரியத்துடையது. ஆகவே "ஏ.இ. ஆபீஸ்ல ஃபீசிபிலிட்டிக்கு 10,000 கொடுக்கணும்" என்று, அதாவது உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் அந்தத் தொழில்நுட்ப ஆய்வுக்கு என்று யாராவது கேட்டால், உங்கள் செக்‌ஷன் ஆபீசுக்கு நேரில் போய் விண்ணப்ப எண்ணைச் சொல்லி, எந்தக் கட்டணம் உண்டு, எதற்கு ரசீது வரும் என்று கேளுங்கள். பல நேரம் விற்பவர் வேலை முடித்த அறிக்கையையே கொடுத்திருக்க மாட்டார்.

பணத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. அட்வான்ஸ் பத்து சதவீதம், டிசிஆர் சான்றிதழோடு பொருள் வந்து இறங்கியதும் பெரும்பகுதி, கடைசி இருபது சதவீதம் நெட் மீட்டர் வைத்து ஒப்புதல் தளத்தில் தெரிந்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடுங்கள், ஊரில் பதிவு பெற்ற வேறு கடைகள் இருக்கின்றன. அந்தப் பட்டியல் திட்டத்தின் தளத்திலேயே கிடைக்கும். வங்கிக் கடன் வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். பணம் கடைக்காரர் கணக்குக்குப் போய்விட்டால், மீட்டர் வந்தாலும் வராவிட்டாலும் தவணை கட்டுவது நீங்கள்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமானது. பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு மொத்தம் 8.9 சதவீதம்தான் வரும். இன்னும் 13.8 போட்டுக் கொட்டேஷன் கொடுத்தால் திருத்தச் சொல்லுங்கள்.

விற்கும்போது சொல்லாமல் விடும் விஷயங்களும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் சோலாரும் நிற்கும். லைனில் கரண்ட் இல்லாதபோது இன்வர்ட்டர் தானாக அணைவது லைன்மேன் உயிரைக் காக்கும் ஏற்பாடு, பழுது இல்லை. "கட் ஆனாலும் ஃபேன் ஓடும்" என்றால், பேட்டரி உள்ள ஹைப்ரிட் இன்வர்ட்டரா என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர்த் தொட்டி நிழலோ தென்னை நிழலோ ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும். காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடி ஏறிப் பார்த்தபின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

அளவிலும் ஏமாறாதீர்கள். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டில், முதல் 100 யூனிட் இலவசம் போக, கட்டுவதே குறைவு. அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் தள்ளிவிடுவது வியாபாரம் மட்டுமே. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குத்தான் உண்மையான லாபம். 500-ஐத் தாண்டினாலே 101-ஆவது யூனிட்டிலிருந்து கூடுதல் கட்டண அட்டவணைக்கு மாறிவிடுவதால், சற்றே தாண்டும் வீட்டில் 1 கிலோவாட்டே பில்லைப் பெரிதாக இறக்கிவிடும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்து சிக்கியவர்கள், முதலில் இன்வர்ட்டர் ஆப்பின் உரிமையாளர் கணக்கை உங்கள் மொபைலுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். திட்டத்தின் உதவி எண் 15555. மீட்டர் தாமதத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். போலி இணையதளத்திலோ லிங்க்கிலோ பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930. கடைக்காரர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொட்டேஷன், ஜிஎஸ்டி பில், பணம் போன வங்கி விவரம், பேனல் ஸ்டிக்கர் போட்டோ, வாட்ஸப் பேச்சு, இவை ஐந்தும் கையில் இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள், "உங்களிடம் இந்தத் தேதியில் இவ்வளவு கொடுத்தோம்" என்று இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி, வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.