பாவித்த மடிக்கணினி வாங்கவிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

என் தங்கையின் மகள் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். தங்கை சீட்டுக் கட்டிச் சேர்த்த 80,000 ரூபாயைக் கொடுத்து, நகரிலுள்ள ஒரு கடையில் அவளுக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். எட்டாம் தலைமுறை கோர் ஐ5 செயலி (கணினியின் மூளையான சில்லு) கொண்டது என்றும், விண்டோஸ் 11 தடையின்றி இயங்கும் என்றும் விற்றவர் உறுதியாகக் கூறினார். விசைப்பலகையின் கீழே ஒட்டியிருந்த வில்லையும் அதையே சொன்னது.

வில்லை பொய். வளாகத்தில் சக மாணவர் ஒருவர் கணினியின் விபரங்களைக் காட்டும் டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தது ஐ5-6300யூ, அதாவது ஆறாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஓ, இன்டெல் செயலிகளில் ஒருசில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்தே ஏற்கப்படுகிறது. நிறுவும்போது செயலியைச் சரிபார்க்கும் சோதனையைத் தந்திரமாகக் கடந்து விண்டோஸ் 11 நிறுவிய கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இதைவிடப் பெரிய மோசடி பிறகுதான் தெரிந்தது. பாடத்திற்காக வேர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில்) லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதற்கு, பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் இயங்கும் அடிப்படை அமைப்புப் பகுதியில், ஓர் அமைப்பை இயக்க வேண்டியிருந்தது. அங்கே நுழைந்தால் கடவுச்சொல் கேட்டது. ஏதோ ஒரு நிறுவனம் கழித்துவிட்ட இயந்திரம் அது. இத்தகைய அலுவலக மாதிரிகள் பலவற்றில் அந்தக் கடவுச்சொல் மதர்போர்டிலுள்ள சில்லிலேயே பதிந்திருப்பதால், உள்ளிருக்கும் சிறு பற்றரியைக் கழற்றினாலும் அழியாது. விற்றவர் இதை அறியாமல் இருந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திருப்பிக் கொண்டுபோனபோது, விற்ற பொருளை மீள எடுப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் தந்த பற்றுச்சீட்டில் "லெப்டொப் 1" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை.

ஆகவே, பணத்தைக் கையிலெடுக்கும் முன்பே கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி, பயோஸினுள் நுழையும்போது கடவுச்சொல் கேட்கிறதா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே பாருங்கள். செயலியின் பெயரை வில்லையில் அல்ல, திரையில் வாசியுங்கள். கட்டளைச் சாளரத்தில் (Command Prompt) powercfg /batteryreport என்று தட்டச்சுச் செய்து, அது உருவாக்கும் அறிக்கையைத் திறந்தால், பற்றரியின் ஆரம்பக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அருகருகே தெரியும். மாதிரி, தொடரிலக்கம், செயலியின் இலக்கம், உத்தரவாதக் காலம் ஆகிய நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதித்தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். திரையின் படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து எங்களுடையதைக் கொடுத்துவிட்டோம்.